மேக்கப் பிரஷ்ஷைக் கழுவுவது சுலபம். சிங்கப்பூரில் அதைக் காயவைப்பதுதான் சிரமம்

மேக்கப் பிரஷ் கழுவுவது எப்படி என்று தேடினால் காணொளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். அதில் பிரஷ் சுழல்கிறது. பழுப்பு நிறத்தில் அழுக்கு கரைந்து வருகிறது. பார்க்கவே ஒரு திருப்தி. அடுத்த காட்சியில் அதே பிரஷ் புசுபுசுவென்று காய்ந்து நிற்கும். அத்தோடு காணொளி முடிந்துவிடும்.

அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை யாரும் காட்டுவதில்லை. காற்று வறண்ட ஊர்களில் அது பெரிய விஷயமும் இல்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனால் சில மணி நேரத்தில் தானாகக் காய்ந்துவிடும்.

சிங்கப்பூரில் கதையே வேறு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டுக்கு மேல். பொழுது விடியும் முன் அது 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ராத்திரி குளித்துவிட்டுப் போட்ட துண்டு காலையிலும் ஈரமாக இருக்கும் ஊர் இது. ஆயிரக்கணக்கான இழைகளை நெருக்கிக் கட்டிய பிரஷ் மட்டும் எப்படிச் சீக்கிரம் காயும்?

காயாத பிரஷ்ஷை அப்படியே பையில் போட்டு மூடினால், கழுவாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும். அதனால் கழுவும் முறையைச் சுருக்கமாகவும், காயவைப்பதைச் சற்று விரிவாகவும் பார்ப்போம்.

பிரஷ்ஷில் அப்படி என்னதான் சேருது?

கன்னத்தில் பிரஷ்ஷை ஓட்டும்போது அது மேக்கப்பைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. முகத்திலிருந்து சிலவற்றை எடுத்தும் கொள்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய், உதிர்ந்த தோல் செல்கள், வியர்வை, தூசு, கூடவே தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா.

பாக்டீரியா என்றதும் பதற வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் முகத்திலேயே இருப்பவை. ஆரோக்கியமான தோலுக்கு அவற்றால் தொல்லை இல்லை. அவை அளவுக்கு மீறிப் பெருகும்போதும், போகக்கூடாத இடத்துக்குப் போகும்போதும்தான் பிரச்சினை. பெருகுவதற்கு மூன்று தேவை: சாப்பாடு, கதகதப்பு, ஈரம். சாப்பாடு பிரஷ்ஷிலேயே இருக்கிறது. கதகதப்பைச் சிங்கப்பூர் வருஷம் முழுக்க இலவசமாகத் தருகிறது. நம் கட்டுப்பாட்டில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

எல்லா பிரஷ்ஷையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதற்கும் அதுவே காரணம். காம்பாக்ட் பவுடர், பிளஷ் போடும் பிரஷ் கிட்டத்தட்ட எப்போதும் உலர்ந்தே இருக்கும். ஃபவுண்டேஷன், கன்சீலர், ஜெல் ஐலைனர் பிரஷ்கள் அப்படி இல்லை. தண்ணீரும் எண்ணெயும் கலந்த கூழ் அவற்றின் இழைகளுக்குள் ஊறிக் கிடக்கும். உங்களுக்கு நேரமே இல்லை, இரண்டு பிரஷ்தான் கழுவ முடியும் என்றால் முதலில் கழுவ வேண்டியது ஃபவுண்டேஷன் பிரஷ்ஷும் கண்ணுக்குப் போடும் பிரஷ்ஷும்தான். பவுடர் பிரஷ் காத்திருக்கலாம்.

பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த லிப்ஸ்டிக், மஸ்காரா, ஐலைனர், லிப் கிளாஸ், மேக்கப் ஸ்பாஞ்ச் என 467 பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 79 முதல் 90 விழுக்காட்டில் பாக்டீரியா இருந்தது. மிக மோசமாக இருந்தது எது தெரியுமா? முட்டை வடிவ ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச்களில் 93 விழுக்காடு ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 விழுக்காடு எப்போதாவது தரையில் விழுந்து, பிறகும் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டவை.

அந்த ஆய்வில் பிரஷ்கள் இல்லை. ஆனால் எண்கள் சொல்வது பிரஷ்ஷுக்கும் பொருந்தும்: ஈரமாகவே வைத்திருக்கும் பொருளில்தான் கிருமி அதிகம்.

யார் கூடுதல் கவனமா இருக்கணும்?

'பிரஷ்ஷால் வாழ்க்கையே முடங்கியது' மாதிரியான தலைப்புகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற கடுமையான தொற்று மிக மிக அரிது. அதைக் காட்டிப் பயமுறுத்துவதில் அர்த்தம் இல்லை. அன்றாடம் நடப்பது இதைவிடச் சின்ன விஷயங்கள்: பரு அடங்காமல் திரும்பத் திரும்ப வருவது, தோல் எரிச்சல், கண்ணிமையில் கட்டி, கண் சிவப்பது.

எக்ஸிமா இருப்பவர்கள், பருவைக் கிள்ளிப் புண்ணாக்கியவர்கள், முகத்தில் ஷேவ் செய்தவர்கள், புருவம் திரெடிங் செய்துவிட்டு வந்தவர்கள் ஆகியோரின் தோலில் சின்னச் சின்னத் திறப்புகள் இருக்கும். வெளியே சும்மா இருக்கும் பாக்டீரியாவுக்கு அது கதவைத் திறந்துவிடுவது போல. திரெடிங் முடிந்த கையோடு அழுக்குப் பிரஷ்ஷை வைத்துப் புருவத்தை நிரப்பாதீங்க.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்த 60க்கும் மேற்பட்டோருக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழியில் தொற்று ஏற்பட்டது. அதற்கும் மேக்கப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு குறிப்பிட்ட லென்ஸ் கரைசலோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. ஆனாலும் அது ஒன்றை நினைவில் வைக்கச் சொல்கிறது. நம் ஊர்ச் சூழலில் பூஞ்சைக்கு வாழ இடம் தேட வேண்டியதே இல்லை. கண்ணோ அதற்கு ஈடுகொடுக்க முடியாத உறுப்பு. லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப், லென்ஸைக் கழற்றிய பிறகு மேக்கப் நீக்கம் என்ற வரிசையைக் கண் மருத்துவர்கள் வலியுறுத்துவது சும்மா இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. தினமும் மேக்கப் போடுபவர்களுக்கு அது சரியான கணக்கு. மாதத்தில் இரண்டு கல்யாணம், ஒரு பிறந்தநாள் என்று எப்போதாவது போடுபவரா? நாளை எண்ணாதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். பழைய ஃபவுண்டேஷன் ஒட்டிய பிரஷ்ஷை அடுத்த தீபாவளிக்கு வெளியே எடுக்கும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. கூடாது.

கழுவும் முன் பிரஷ்ஷைத் திருப்பிப் பாருங்க

பிரஷ்ஷில் மூன்று பாகங்கள். மேலே இழை, கீழே கைப்பிடி, இரண்டையும் இணைக்கும் உலோக வளையம். இந்த வளையத்துக்குள்தான் சூட்சுமம் இருக்கிறது. இழைகள் அதற்குள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால் பசை மெல்ல இளகும். கைப்பிடி மரமாக இருந்தால் ஊறி உப்பும்; காயும்போது சுருங்கும். முதலில் பெயின்ட் வெடிக்கும், அப்புறம் வளையம் ஆடும், கடைசியில் தலை தனியாகக் கழன்று கையோடு வரும். முகம் கழுவும்போது தொட்டிக்குள் இழைகள் கொட்டுவதும் பெரும்பாலும் இதன் விளைவுதான்.

அடுத்து, இழை எதனால் ஆனது என்று பாருங்கள். செயற்கை இழை என்றால் நைலான் அல்லது பாலியஸ்டர் வகை. அது தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும், கொஞ்சம் கடுமையாக நடத்தினாலும் தாங்கும். இயற்கை இழை என்றால் ஆடு, அணில், குதிரை போன்ற விலங்குகளின் முடி. பவுடரைப் பிடித்துப் பரப்புவதில் அது கெட்டி. காரணம், நம் தலைமுடியைப் போலவே அதன் மேற்பரப்பிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. அதே காரணத்தால் நம் தலைமுடி எதற்குப் பாழாகுமோ அதற்கெல்லாம் அதுவும் பாழாகும்: காரமான சோப்பு, கொதிக்கும் தண்ணீர், ஹேர் டிரையரின் அனல்.

விலங்கு முடி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் செயற்கை இழையே தோது. இப்போது வருபவற்றின் தரமும் நன்றாகவே இருக்கிறது.

கழுவுவது: பத்து நிமிஷ வேலை

வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கையை விட்டால் சுடக் கூடாது. பிரஷ்ஷின் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, இழைகளின் நுனிப் பாதியை மட்டும் நனையுங்கள். குழாய்த் தண்ணீர் வளையத்தின் மேல் நேராக விழ வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தாலே பிரஷ்ஷின் ஆயுள் கூடும்.

ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி மென்மையான ஷாம்பு கலக்குங்கள். குழந்தைகளுக்கான ஷாம்பு நல்ல தேர்வு. கண்டிஷனர் சேர்ந்த ஷாம்பு வேண்டாம். அது இழையில் ஒரு வழுவழுப்பை விட்டுச் செல்லும், அடுத்த முறை பவுடர் ஒட்டாது. பிரஷ் கழுவுவதற்கென்றே விற்கும் திரவங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும்; இரண்டும் சேர்ந்து அழுக்கை இழுத்துக்கொண்டு வரும். அதற்கு 3 வெள்ளி ஷாம்பு போதும், 30 வெள்ளி பாட்டில் கட்டாயம் இல்லை.

பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் லேசாகச் சுழற்றி, பிறகு உள்ளங்கையில் வட்டமாகத் தேயுங்கள். குமிழ் குமிழாக இருக்கும் சிலிக்கான் பாய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் கையே போதும். அழுத்தி நசுக்காதீங்க, இழைகள் நடுவில் பிளந்து விசிறி மாதிரி ஆகிவிடும். ஃபவுண்டேஷன் பிரஷ்ஷில் மேலே தெளிந்த தண்ணீர் வந்தாலும் அடி இழைகளில் கூழ் தங்கியிருக்கும். விரலால் இழைகளை விலக்கிப் பாருங்கள். சோப்பு, அலசல் என்று இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம். அலசும் தண்ணீர் நிறமில்லாமல் வந்தால், வழுவழுப்பும் போனால், முடிந்தது.

தண்ணீரில் அழியாத வகை ஃபவுண்டேஷன், ஜெல் ஐலைனர், கண்மை இவற்றுக்கு ஷாம்பு சில நேரம் தோற்றுப்போகும். அப்போது ஒரு துளி தேங்காய் எண்ணெயை முதலில் தேய்த்து இளக்கலாம்; எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். ஆனால் அந்த எண்ணெய் முழுசாகப் போகும்வரை இரண்டு முறை சோப்பு போட வேண்டும். இல்லையென்றால் பிரஷ்ஷுக்கு நாமே தீனி போட்டதாகிவிடும்.

இனி காயவைப்பது

பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

முதலில் கையால் பிழியுங்கள். வளையத்திலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து. முறுக்க வேண்டாம். பிறகு பழைய பருத்தித் துணியிலோ டிஷ்யூவிலோ பிரஷ் தலையைச் சுற்றி, கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். துணி எவ்வளவு ஈரத்தை இழுக்கிறதோ, காற்று செய்ய வேண்டிய வேலை அவ்வளவு குறையும். ஒருமுறை ஒற்றி எடுத்தோம், விட்டோம் என்று இல்லாமல் துணியின் காய்ந்த பகுதிக்கு மாற்றி மாற்றி நாலைந்து முறை செய்தால் பலன் தெரியும். ஈரமாக இருக்கும்போதே இழைகளை விரலால் சேர்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காய்ந்த பிறகு வளைந்ததை நிமிர்த்த முடியாது.

அடுத்து, எப்படி வைப்பது. குவளையில் பூங்கொத்து மாதிரி நிமிர்த்தி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பார்க்கும் காட்சி. தலை மேலே இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? நேராக வளையத்துக்குள். பசை, மரம், பெயின்ட் எல்லாம் கெடுவது அப்போதுதான். வளையத்துக்குள் தங்கிய ஈரம் வெளியே தெரியாது. சில நாளில் வாடையாகத்தான் தெரியவரும்.

மேசை விளிம்பில் படுக்கவைத்து, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வைப்பது ஒரு வழி. அப்போது அடியிலும் காற்று போகும். துண்டின் மேல் முழுசாகப் படுக்கவைத்தால் அடிப்பக்கம் ஈரத் துணியிலேயே கிடக்கும், அது சரிவராது. இதைவிடச் சிறந்த வழி, தலைகீழாகத் தொங்கவிடுவது. அதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள். ஆனால் காலுறையும் உள்ளாடையும் காயப்போட வீட்டில் ஒரு கிளிப் ஹேங்கர் இருக்குமே, வட்டமாகக் கிளிப்புகள் தொங்குமே, அதுவே அருமையாக வேலை செய்யும். கைப்பிடியின் நுனியைக் கிளிப்பில் மாட்டுங்கள். வழுக்கினால் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டு சுற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே தொங்கவிடுவது? குளியலறையில் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே ஈரம் அதிகமான இடம் அது. வீவக வீடுகளில் சமையலறையை ஒட்டித் துணி காயவைக்கும் பகுதி இருக்கிறது. காற்று நன்றாக வரும்தான். ஆனால் அடுப்பில் மீன் பொரியும் நேரத்தில் அங்கே எண்ணெய்ப் புகையும் வரும். அதைத் தவிர்த்தால் அந்த இடம் பரவாயில்லை. நேர் வெயில் தேவையில்லை. இயற்கை முடி வறண்டு முறியும், கைப்பிடி பெயின்டும் வெளுக்கும். காற்றோட்டமான நிழல் போதும். வீட்டுக்குள் இருக்கும் புகலிட அறையில் பொருள்களை அடைத்து வைக்கிறோமே, அங்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். கதவு மூடிய அந்த அறையில் காற்று அசையாது.

மின்விசிறி போதுமா என்றால், பெரும்பாலும் போதும். விசிறி காற்றின் ஈரப்பதத்தைக் குறைப்பதில்லை. இழைகளைச் சுற்றித் தேங்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். குளிர்சாதனம் ஒரு படி மேல். அறையின் காற்று அதற்குள் இருக்கும் குளிர்ந்த சுருள்களின் மேல் படும்போது ஈரம் தண்ணீராக மாறி, குழாய் வழியே வெளியேறுகிறது. ஆக, ராத்திரி குளிர்சாதனம் போட்டுத் தூங்கும் வீடு என்றால், அந்த அறையில் பிரஷ்ஷைத் தொங்கவிட்டாலே நீங்கள் தூங்கும் நேரத்தில் வேலை நடந்துவிடும். அதற்காகவென்று தனியாகக் குளிர்சாதனத்தை ஓடவிட வேண்டாம். மின்கட்டணம் பிரஷ்ஷின் விலையை மிஞ்சிவிடும்.

நேரமும் முக்கியம். மழை இல்லாத நாளில் பிற்பகல் வாக்கில் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ராத்திரி மறுபடி ஏறும். அதனால் சனிக்கிழமை காலை கழுவிப் போட்டால் மதிய நேரம் முழுக்கக் கைகொடுக்கும். ஞாயிறு ராத்திரி 11 மணிக்குக் கழுவி, திங்கள் காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதே பிரஷ்ஷால் ஃபவுண்டேஷன் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான அட்டவணை. ஐஷேடோ பிரஷ் போன்ற மெல்லிய தலைகள் ஓர் இரவில் காயும். அடர்த்தியான கபுக்கி பிரஷ்ஷுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தொடர்ந்து மழை கொட்டும் நாள்களில், இன்னும் கூடுதலாக.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுனி புசுபுசுவென்று இருக்கும்போதே அடி ஈரமாக இருக்கும். இழைகளை விலக்கி, அடிப்பகுதியை மேல் உதட்டிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. அறை வெப்பமே தெரிந்தால் காய்ந்துவிட்டது.

அவசரம் என்றால் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, பிரஷ் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காட்டலாம். சூடான காற்று வேண்டாம். வளையத்துக்குள் இருக்கும் பசைக்குக் கொதிநீரும் அனல் காற்றும் ஒன்றுதான்.

ஒரு யோசனை. 60 வெள்ளிக்கு ஒரு ஃபவுண்டேஷன் பிரஷ் வாங்குவதைவிட, 15 வெள்ளிக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும். அரைகுறையாகக் காய்ந்ததை எடுக்கும் கட்டாயமே வராது. இந்த ஊரில் தரத்தைவிட எண்ணிக்கை உதவும் சில பொருள்களில் இதுவும் ஒன்று.

காய்ந்த பிறகு எங்கே வைப்பது?

கேமரா வைத்திருக்கும் நண்பரைக் கேட்டுப் பாருங்கள், 'டிரை பாக்ஸ்' பற்றி ஒரு பாடமே எடுப்பார். லென்ஸ் கண்ணாடியிலேயே பூஞ்சை வளரும் ஊரில் பவுடரும் எண்ணெயும் பட்ட பிரஷ்ஷை என்ன சொல்வது! பிரஷ்ஷுக்கு டிரை பாக்ஸ் எல்லாம் வாங்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையையும், ஜிப் போட்ட பழைய பவுச்சையும் தவிர்த்தால் போதும். குவளையில் நிமிர்த்தி வைப்பது இப்போது சரி, ஏனென்றால் ஈரம் இல்லை. தூசு படாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய துணி போடலாம். மேசை டிராயரில் வைத்தால், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே போட்டு வையுங்கள்.

ஆல்கஹால் ஸ்ப்ரே அடிச்சா போதாதா?

போதாது, ஆனால் உதவும். 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாக்டீரியாவைக் கொல்லும். 99 விழுக்காடு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும், உண்மையில் தலைகீழ். கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை, சுத்த ஆல்கஹால் வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். ஆனால் ஸ்ப்ரே அழுக்கை நீக்காது. கூழாக ஒட்டிய ஃபவுண்டேஷனுக்கு உள்ளே இருக்கும் கிருமியை அது எட்டாது. கழுவிய பிரஷ்ஷுக்கு இடைப்பட்ட நாள்களில் அடித்துத் துணியில் துடைக்கலாம். இயற்கை முடிக்கு அடிக்கடி வேண்டாம், வறண்டுபோகும். அடித்த உடனே கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், முழுசாக ஆவியாகட்டும்.

வினிகர், பேக்கிங் சோடா இரண்டையும் கலந்து நுரை பொங்க வைக்கும் காணொளிகளும் உண்டு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். நுரை மட்டும்தான் பார்க்க அழகு. பாத்திரம் கழுவும் திரவம் செயற்கை இழைக்கும் ஸ்பாஞ்சுக்கும் எப்போதாவது பரவாயில்லை, இயற்கை முடிக்கு வேண்டாம். மைக்ரோவேவில் பிரஷ்ஷை வைப்பது ஆபத்து. உலோக வளையம் தீப்பொறி கிளப்பும்.

ஸ்பாஞ்ச் தனிக் கேஸ்

ஸ்பாஞ்சை நாமே நனைத்துத்தான் பயன்படுத்துகிறோம். அப்புறம் அது வந்த பிளாஸ்டிக் முட்டைக்குள்ளேயே திரும்ப வைத்து மூடுகிறோம். கிருமி வளர்க்க இதைவிடக் கச்சிதமான பெட்டி கிடையாது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் சோப்பு போட்டுப் பிசைந்து கழுவி, பிழிந்து, திறந்த இடத்தில் வையுங்கள். உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் கழுவிப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். நாங்கள் சொல்வதை அதன் பிறகு நம்புவீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்கும் மனம் இல்லையென்றால் ஸ்பாஞ்சே வேண்டாம், பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பகிர்ந்து போடும்போது

நாட்டியப் பள்ளி ஆண்டு நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் இருபது பிள்ளைகள், ஒரே பேன்கேக் டப்பா, ஒரே ஸ்பாஞ்ச், ஒரே கண்மைக் குச்சி. நேரம் ஆச்சு என்று ஒருவர் பின் ஒருவராக முகத்தை நீட்டுவார்கள். நம்மில் பலர் அப்படித்தான் வளர்ந்தோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இருபது பேரில் ஒருவருக்கு 'கண் சிவப்பு' நோய் இருந்தால் அடுத்த வாரம் எத்தனை பேர் பள்ளிக்கு மட்டம் போடுவார்கள்?

முழு மேக்கப் செட்டையும் இருபதாக வாங்கத் தேவையில்லை. பிரிக்க வேண்டியது கண்ணையும் உதட்டையும் தொடுவதை மட்டும்தான். கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் ஒரு சுத்தமான கரண்டியால் தட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பஞ்சுக் குச்சியால் போடலாம். எடுத்ததை டப்பாவுக்குத் திரும்பப் போடக் கூடாது. ஸ்பாஞ்ச் பெற்றோரே ஒன்று கொடுத்து அனுப்பலாம். பெயர் எழுதிய பையில். யாருக்காவது கண் உறுத்தினால் அவருக்குக் கடைசியில் போடலாம் என்பதும் சரியில்லை, அன்று கண் மேக்கப்பே வேண்டாம்.

கல்யாண மேக்கப்புக்கு ஒப்பனைக் கலைஞரை அமர்த்தும்போதும் கேளுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனிப் பிரஷ்ஷா, நடுவில் என்ன செய்வீர்கள், மஸ்காராவுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குச்சியா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல கலைஞர்கள் கேட்கும் முன்பே காட்டுவார்கள். மணப்பெண்ணுக்குப் பிறகு அக்கா, சித்தி, மாமி என்று வரிசையில் உட்காரும்போதுதான் கேள்வியின் அருமை தெரியும்.

எப்போது தூக்கிப் போடுவது?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பிரஷ் பல ஆண்டு உழைக்கும். கழுவிக் காய்ந்த பிறகும் ஊசிப்போன வாடை வந்தால், இழைகளின் அடியில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி இருந்தால், இழைகள் முறிந்து முகத்தில் குத்தினால், அதன் காலம் முடிந்தது. வளையம் மட்டும் ஆடுகிறது, இழைகள் நன்றாக இருக்கின்றன என்றால் தூக்கிப் போட அவசியம் இல்லை. இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, வளையத்துக்குள் ஒரு சொட்டு எபோக்சி பசை விட்டு ஒட்டுங்கள்.

கண்ணில் தொற்று வந்திருந்தால் கணக்கு வேறு. அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்த மஸ்காரா, ஐலைனர், கண்மை எல்லாமே குப்பைத் தொட்டிக்குத்தான். விலை எவ்வளவாக இருந்தாலும். ஐலைனர் பிரஷ்ஷையும் கூடவே அனுப்பிவிடுங்கள். சிவப்பு இருக்கும்வரை கண் மேக்கப் வேண்டாம். லென்ஸ் அணிபவருக்குக் கண் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கழற்றிய லென்ஸை வீசிவிடாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள்; தேவைப்பட்டால் அதையும் மருத்துவர் சோதனைக்கு அனுப்புவார்.